நாற்பது நடை ஏரி மண்

களையெடுக்கத் தெரியாதவர்கள்தான் களையைப் பற்றி அதிகம் பேசுவார்கள். என் வீட்டுக்காரர் அதில் முதல் ஆள். ஓசூரில் ஒரு கம்பெனியில் இருபது வருடம் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றவர், ஆட்குறைப்பில் வெளியே வந்து ஊர் திரும்பிய அன்றைக்கே எங்கள் காட்டு வரப்பில் ஏறி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார். காட்டுக்குள் இறங்காமல் வரப்பிலேயே நிற்கிற ஆம்பளைக்கு யோசனை வரும். யோசனை அவருக்கு வந்தால் குனிய வேண்டியது நான்.

எங்களுக்கு இருப்பது அரூர் பக்கம் இரண்டு ஏக்கர் மேட்டுக்காடு. தீர்த்தமலைக்குப் போகிற பஸ் காட்டை ஒட்டித்தான் போகும். அவர் ஓசூரில் இருந்த இருபது வருடமும் அந்தக் காட்டைப் பார்த்துக்கொண்டது நான் ஒருத்திதான். ராகி, நிலக்கடலை, ஓரத்தில் துவரை, அவரை. காடு எப்போதும் கூட்டிப் பெருக்கின வாசல் போலச் சுத்தமாக இருக்கும். எனக்கு அதில் கர்வம் உண்டு, இல்லையென்று சொல்லி நல்ல பெயர் வாங்கப் போவதில்லை. பஸ்ஸில் போகிறவர்கள் இது யார் காடு என்று கண்டக்டரிடம் கேட்பார்களாம். சுற்றியிருந்த காடுகளைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக வரும். பயிருக்கு நடுவில் களையைப் பூக்கவிட்டுவிட்டு, மழை இல்லை, விளைச்சல் இல்லை என்று டீக்கடையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்துகிற ஜனங்கள். இவர்களுக்கு நிலம் ஒரு கேடா என்று வாய்விட்டே கேட்டிருக்கிறேன்.

எங்கள் ஊரில் களையெடுப்பு தனியாள் வேலை இல்லை. ஏழு பெண்கள் சேர்ந்து மாத்தாளாகப் போவோம். இன்றைக்கு என் காட்டில் ஏழு பேரும், நாளைக்கு இன்னொருத்தி காட்டில் அதே ஏழு பேரும். கூலி கிடையாது, நாளுக்கு நாள். பயிர் முளைத்துப் பதினைந்து இருபது நாளுக்குள் முதல் களை எடுத்தாக வேண்டும். ஒருத்தியாக உட்கார்ந்தால், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போவதற்குள் ஆரம்பித்த இடத்தில் மறுபடியும் முழங்கால் உயரம் நிற்கும். மாத்தாளில் இருப்பவளுக்குத்தான் காடு. அதை விட்டு வெளியே போனவள் சீக்கிரமே நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுத் தொப்பூர் ரோட்டோர ஓட்டலில் பாத்திரம் கழுவப் போய்விடுவாள். அப்படிப் போனவர்கள் இரண்டு பேரை எனக்குத் தெரியும்.

அந்த ஏழு பேருக்கும் நான்தான் மேஸ்திரி. யாரும் என்னை வைக்கவில்லை, நானே வைத்துக்கொண்டேன். யார் வேரோடு பிடுங்குகிறாள், யார் மேலே கிள்ளி எறிந்துவிட்டு நகர்கிறாள் என்று எனக்குக் கண்ணை மூடிக்கொண்டே தெரியும். என் கொழுந்தனார் மனைவி, அதாவது என் ஓரகத்தி, கிள்ளி எறிகிற ரகம். எங்கள் இரண்டு பேர் காட்டுக்கும் நடுவில் ஒரு வரப்புதான். அவளை நான் எல்லார் முன்னாலும் வைத்து எத்தனையோ தடவை சொல்லிக் காட்டியிருக்கிறேன். அவள் ஒரு தடவைகூட எதிர்த்துப் பேசியதில்லை. அதையும் நான் சாமர்த்தியக் குறைவு என்றுதான் நினைத்தேன்.

இப்படி இருந்த காட்டுக்குத்தான் என் வீட்டுக்காரர் மண் அடித்தார்.

அவருடைய போனில், விவசாய யோசனை சொல்கிற வீடியோவில் ஒருவன் வருவான். தலையில் புதுத் துண்டு, மடிப்புக் கலையாத வேட்டி, காலில் ஒரு பொட்டு மண் கிடையாது. அவன் ஏரி வண்டல்தான் தங்கம் என்று சொல்லிவிட்டான். அந்தக் கோடையில் எங்கள் ஏரி காய்ந்து தூர் வாரிக்கொண்டிருந்தார்கள். விவசாயிகள் வண்டல் எடுத்துக்கொள்ளலாம் என்று தண்டோராவும் போட்டார்கள். எங்கள் காட்டு மண்ணுக்கு ஒரு குறையும் இல்லை, ஆட்டெரு போட்டால் போதும், வம்பை விலைக்கு வாங்காதீர்கள் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்டால்தானே. தாலுகா ஆபீசுக்கு நாலு தடவை நடந்து சீட்டு வாங்கினார். கம்பெனியில் வேலை பார்த்த காலத்தில்கூட அவர் அவ்வளவு சுறுசுறுப்பாக இருந்திருக்கமாட்டார். எங்கள் காட்டுக்குப் பக்கத்துக் கரையோரத்தில் பொக்லைன் ஆள் உயரத்துக்குத் தோண்டி அள்ளிப் போட, டிராக்டர் நாற்பது நடை அடித்தது. ரோட்டோரத்து ஒரு ஏக்கர் முழுவதும் கன்னங்கரேலென்று மண். அதன்மேல் நின்று போட்டோ எடுத்து, பழைய கம்பெனி நண்பர்களுக்கெல்லாம் அனுப்பினார். அவர்களும் கட்டை விரலைத் தூக்கிக் காட்டி அனுப்பினார்கள். அவர்களுக்கு என்ன போயிற்று.

சித்திரையில் ஒரு மழை பெய்தது. ஐந்தாம் நாள் காலையில் காட்டிலிருந்து எனக்குப் போன் போட்டுக் கூப்பிட்டார். அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். ஏக்கர் முழுவதும் பாய் விரித்தாற்போல் பச்சை. மனுஷன் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

"பாரு புள்ள. வெதைக்கவே இல்ல, அதுக்குள்ள மொளச்சிருக்குது. அத்தன சத்து மண்ணுல."

குனிந்து ஒரு பிடி பிடுங்கினேன். பார்த்தீனியம். பக்கத்தில் இன்னொரு பிடி பிடுங்கினேன், சாரணை. அப்புறமும் பார்த்தீனியம். விரல் வைக்க இடம் விடாமல் முளைத்திருந்தது. விதைக்காத நிலத்தில் முளைத்ததைப் பார்த்துச் சந்தோஷப்படுகிற ஒரு ஆளோடு இருபத்து மூன்று வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறேனே என்று தலையில் அடித்துக்கொண்டேன். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். ரோட்டில் போன பஸ்ஸிலிருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும்.

அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. உழுது மடக்கிவிட்டால் தழை உரம் ஆகிவிடும் என்று போன்காரன் சொல்லியிருக்கிறானாம். ரோட்டவேட்டர் வந்து உழுதது. பத்தே நாளில் முன்னைவிட அடர்த்தியாக எழுந்து நின்றது. இன்னும் ஆழமாக உழுதால் சரியாகப் போகும் என்றார். ஆழமாக உழுதார்கள். மறுபடியும் வந்தது. உழ உழ வந்துகொண்டே இருந்தது. ஏன் என்று எனக்கும் அப்போது தெரியாது, ஆனால் தெரிந்தவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு அவரை ஏளனமாகப் பார்த்தேன். கடைசியில் பருவம் தவறிவிடும் என்று ராகியை விதைத்தோம். ராகியும் முளைத்தது, அதைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

என் முறை வந்த அன்றைக்கு ஏழு பேரும் இறங்கினோம். மற்ற காடுகளில் ஏக்கரை ஒரு நாளில் முடித்துவிடுகிற கை. அன்றைக்குப் பொழுது சாயும்போது திரும்பிப் பார்த்தால் நாலில் ஒரு பங்குகூட முடியவில்லை. பார்த்தீனியம் பட்டு ஒருத்திக்கு இரண்டு கையும் தடித்துப் போய் அரிப்பில் துடித்தாள். நான் இன்னும் மூன்று நாளாவது வேண்டும் என்று கேட்டேன். தொட்டித் தண்ணீரில் கை கழுவிக்கொண்டிருந்த ஓரகத்தி நிமிர்ந்தாள்.

"எங்க காட்டுல ஒரு நாளும் உங்க காட்டுல ஒரு நாளும் ஒண்ணாயிருமாங்கக்கா? நீங்களே சொல்லுங்க."

மரியாதையாகத்தான் கேட்டாள். அந்த மரியாதைதான் எனக்குச் சுருக்கென்று இருந்தது. மற்ற ஐந்து பேரும் தொட்டித் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நியாயம் அவள் பக்கம் இருந்தது, அதனால் எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. உன் காட்டில் நீ கிள்ளிப் போட்டதையெல்லாம் நான் இத்தனை வருடம் வேரோடு எடுத்துக் கொடுக்கவில்லையா என்று கத்தினேன். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த சுற்றுக்கு என்னை யாரும் கூப்பிடவில்லை. எனக்குப் பதிலாக ஓரகத்தி தன் அண்ணன் மகளைச் சேர்த்துக்கொண்டாள். வரப்புக்கு அந்தப் பக்கம் ஏழு பேர் சிரிக்கிற சத்தம் கேட்கும், இந்தப் பக்கம் நான் ஒருத்தி களைக்கொத்தும் கையுமாக உட்கார்ந்திருப்பேன். என் வாழ்க்கையில் நான் அவமானப்பட்டது என்றால் அந்த நாட்கள்தான். ராகிக் கதிர் பாதிக்குப் பாதி பதர். வீட்டுக்கு ஆனதே பெரிய காரியம். இன்னும் இரண்டு பருவம் இப்படிப் போனால் காடு கையை விட்டுப் போய்விடும் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

அதற்கெல்லாம் சேர்த்து வீட்டுக்காரரை வாட்டி எடுத்தேன். சோற்றுத் தட்டை வைக்கிற சத்தத்திலேயே அவருக்குப் புரியும். பொம்மிடியில் ஒரு கல்யாணத்தில், பந்தியில் பக்கத்து இலைக்காரர் காடு எப்படி இருக்கிறது என்று கேட்டபோது, எங்களுக்கு என்ன குறை, இவர் நாற்பது நடை தங்கம் கொண்டுவந்து கொட்டியிருக்கிறார் என்று உரக்கச் சொன்னேன். வரிசையே சிரித்தது. அவரும் கூடவே சிரித்தார், அப்புறம் பாயசத்தைத் தொடவில்லை. போனில் துண்டு கட்டினவனைப் பார்ப்பதையும் விட்டுவிட்டார். எனக்குக் கொஞ்சமும் இரக்கம் வரவில்லை. இப்போதாவது புத்தி வந்ததே என்றுதான் இருந்தது.

இரண்டாம் வருடமும் அதே கதை. வீட்டுக்காரர் யாரிடமோ சொல்லி, விவசாய ஆபீசிலிருந்து ஒரு சின்னப் பெண் ஸ்கூட்டரில் வந்தாள். வெள்ளை ஷூ. வந்துவிட்டாளய்யா பெரிய விஞ்ஞானி என்று மனதுக்குள் நொடித்தேன். ஆனால் அவள் வரப்பில் நிற்கவில்லை. நேரே இறங்கி, ஒரு சாண் ஆழத்துக்குக் கையால் தோண்டி, ஒரு பிடி மண்ணை எடுத்து, என் வீட்டு டீ வடிகட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றி அலசினாள். மண் கரைந்து போனதும் வடிகட்டியில் பொடிப்பொடியாகக் கறுப்பாக நின்றது. எள்ளில் பாதிகூட இருக்காது. ஒரு பிடிக்கே அத்தனை. இதெல்லாம் விதை, செத்துப்போனது இல்லை, தூங்குகிறது என்றாள்.

மண்ணுக்குள் வெளிச்சம் படாமல் கிடக்கிற வரைக்கும் அது முளைக்காதாம். காத்துக்கொண்டு கிடக்குமாம். ஒவ்வொரு தடவை ஆழமாக உழும்போதும் அடியில் கிடப்பதை நாமே மேலே கொண்டுவந்து எழுப்பிவிடுகிறோமாம். எல்லாம் ஒரே வருடத்தில் முளைத்துத் தொலைக்கவும் தொலைக்காது, கொஞ்சம் இந்த வருடம், கொஞ்சம் அடுத்த வருடம், சில விதை பத்து வருடம் தாண்டியும் உயிரோடு கிடக்கும் என்றாள். இனிமேல் ஆழ உழ வேண்டாம், மேலாகச் சுரண்டி முளைக்கவிட்டு, பூ எடுப்பதற்கு முன்னால் அழித்துக்கொண்டே வந்தால் வருடா வருடம் குறையும் என்று சொன்னாள். வீட்டுக்காரர் வடிகட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு அவள் என் பக்கம் திரும்பினாள். "ஏங்கம்மா, தண்ணி நிக்கிற ஏரில இவ்ளோ காட்டுக்களை வெத எப்படி வந்துச்சு? யாராவது கொண்டுபோய்க் கொட்டுனாங்களா?"

இதை நான் முன்னாலேயே எழுதியிருக்க வேண்டும். எழுதக் கை வரவில்லை.

மற்றவர்கள் பிடுங்கின களையை வரப்பிலேயே போட்டுவிடுவார்கள். ஒரு மழை வந்தால் சாரணை கிடந்த இடத்திலேயே வேர் விட்டு எழுந்து உட்காரும். எனக்கு அது ஆகாது. என் காட்டுக் களை என் காட்டிலும் இருக்கக்கூடாது, என் வரப்பிலும் இருக்கக்கூடாது. பழைய சேலையில் கட்டித் தலையில் தூக்கிக்கொண்டு போய், காட்டுக்குப் பக்கத்துக் கரையோரமாக ஏரிக்குள் கொட்டிவிடுவேன். பூவும் காயுமாக இருந்தால் கட்டாயம் ஏரிக்குத்தான் போகும். ஒரு வருடம் இரண்டு வருடம் இல்லை, அவர் ஓசூரில் இருந்த இருபது வருடமும். என் முறை வருகிற அன்றைக்கு மற்ற ஆறு பேர் தலையிலும் ஒவ்வொரு மூட்டை ஏற்றிவிடுவேன். உழைத்துக் களைத்தவர்கள் முணுமுணுப்பார்கள். ஏரியில் போட்டால் தண்ணீரில் அழுகிச் செத்துவிடும், சோம்பேறித்தனம் பண்ணாமல் தூக்குங்கடி என்று அதட்டுவேன். செடி அழுகியது. விதை சேற்றில் இறங்கி, மேலே வண்டல் மூடி, பத்திரமாகப் படுத்துக்கொண்டது. ஊரில் வேறு எவளும் இப்படி ஒரு முட்டாள்தனத்தைச் செய்யவில்லை, செய்கிற அளவுக்கு அவர்களுக்குத் திமிர் இல்லை. என் தலையில் தூக்கிக்கொண்டு போய் நான் போட்டு வைத்ததைத்தான் அந்த மனுஷன் டிராக்டர் வைத்துத் திரும்பக் கொண்டுவந்து கொட்டியிருக்கிறார்.

"தெரியலைங்க மேடம்" என்றேன்.

அவள் எழுதிக்கொண்டு போய்விட்டாள். அன்றைக்கு வீட்டுக்காரரிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். சொல்லவில்லை. அடுத்த நாளும் சொல்லவில்லை. அவருக்கு அது தெரிய வழியும் இல்லை, நான் ஏரிக்குச் சுமந்த காலத்தில் அவர் ஓசூரில் இருந்தார். எனக்கென்று இந்த ஊரில் இருந்தது சுத்தமான காட்டுக்காரி என்கிற பெயர் ஒன்றுதான். அதுவும் இப்படி வந்தது என்று தெரிந்தால் நான் என்ன ஆவேன். அவரை ஏசுவதையாவது நிறுத்தினேனா என்றால், அதுவும் இல்லை. திடீரென்று நிறுத்தினால் ஏன் என்று கேட்பார். இவ்வளவு கேவலமான பிறவி நான் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

அடுத்த பருவத்துக்குச் சுரண்டி முளைக்கவிட்டு அழிக்கிற வேலையை அவரே செய்தார். ராகி விதைத்தோம். களை பாதியாகக் குறைந்திருந்தது, ஆனாலும் ஒருத்தியால் ஆகிற அளவு இல்லை. முதல் களைக்கு மாத்தாள் கிடைத்தால் காடு பிழைக்கும். கிடைக்காவிட்டால் அடுத்த வருடம் குத்தகைக்கு விடுவதைத் தவிர வழியில்லை. ஒரு சாயங்காலம், கிளம்பு என்று என்னையும் கூட்டிக்கொண்டு ஓரகத்தி வீட்டுக்குப் போனார். மாத்தாள் பெண்கள் அங்கே வாசலில் விதைக்கடலை உரித்துக்கொண்டிருந்தார்கள். தம்பி வீட்டு வாசலில், தம்பி மனைவிக்கு முன்னால், அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"தப்பு என்னுதும்மா. மண்ணக் கொட்டுனது நானு. அவ வேண்டாம்னுதான் சொன்னா, நாந்தான் கேக்கல. எங்க காட்டுக்கு ஒரு நாளு கூட ஆகுதுன்னா, அந்த நாளுக்கு உங்க காட்டுல நான் வந்து உக்காந்து களையெடுக்கறேன். அவள மட்டும் தள்ளி வெக்காதீங்க."

எங்கள் பக்கம் ஆம்பளை களை வரிசையில் உட்காரமாட்டான். கடலை உரித்த கைகள் அப்படியே நின்றன. ஒருத்தி சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். ஓரகத்தி சிரிக்கவில்லை. அவரையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். அந்த ஆறு பேரில் என் மூட்டையை அதிகமாகச் சுமந்தவள் அவள்தான். வடிகட்டிச் சமாசாரம் ஊர் முழுவதும் பரவியிருந்தது. கூட்டிப் பார்க்கத் தெரியாதவள் இல்லை அவள்.

"மாமா சொல்றது செரிதானுங்களாக்கா? அவுரு கொட்டுனதாலதான் வந்துச்சுங்களா?"

எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். அவரும் பார்த்தார், ஆமாம் என்று சொல் என்கிற மாதிரி. உண்மையைச் சொன்னால், இத்தனை வருடம் அவர்களை நான் அதட்டின அதட்டலுக்கெல்லாம் அந்த வாசலிலேயே எனக்குப் பதில் கிடைக்கும். அதோடு மாத்தாளும் போகும், காடும் போகும்.

"ஆமா. அவரு கொட்டுனதுதான்" என்றேன்.

ஓரகத்தி மடியிலிருந்த கடலைத் தோலை உதறிவிட்டு, திங்கட்கிழமை உங்கள் காட்டில் வைத்துக்கொள்ளலாம், மாமா எங்கள் காட்டுக்கெல்லாம் வர வேண்டாம் என்று மட்டும் சொன்னாள். காபி போடட்டுமா என்று அவரைத்தான் கேட்டாள், என்னைக் கேட்கவில்லை.

திரும்பி வரும் வழியெல்லாம் அவர் சந்தோஷமாக நடந்தார். இரண்டு வருடத்துக்கு அப்புறம் என் பக்கத்தில், கூடவே நடந்தார். எங்கள் காட்டு முனை வந்ததும் நின்று, என் முகத்தைப் பார்க்கத் தயங்கிக்கொண்டு சொன்னார்.

"இனிமேலு ஒன்னக் கேக்காம எதையும் காட்டுக்குள்ள கொண்டாரமாட்டன் புள்ள."

"இனிமேலாவது அப்படி இருங்க" என்றேன்.